ஓடினால்தான் காசு: லாரி டிரைவரின் கூலிக் கணக்கு

தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். "பிரேக் பிடிக்காததால் கட்டுப்பாட்டை இழந்த லாரி" என்ற வாக்கியத்தைச் சேலம், தர்மபுரிக்காரர்கள் எத்தனை முறை செய்தித்தாளில் படித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 2024 ஜனவரி 24 அன்று அங்கே நடந்த விபத்தில் மட்டும் 4 பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தில் லாரிகள் கவிழ்வதற்குப் போலீசார் பல வருடமாகச் சொல்லிவரும் காரணங்களில் ஒன்று, கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு வண்டியை உருட்டுவது. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பாதி பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் டிரம் சூடேறிக் கடைசியில் மிதித்தாலும் பிடிப்பதில்லை.

இருபது வருடம் ஸ்டீயரிங் பிடித்தவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் தள்ளுகிறார் என்றால் அந்த ஒரு லிட்டர், அரை லிட்டர் டீசலுக்காகத்தான். அந்த டீசல் அவருடைய கூலியின் ஒரு பகுதி. (வேடிக்கை என்னவென்றால், இன்றைய வண்டிகளில் கியரோடு இறங்கி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காவது குடிக்கும். பழைய வண்டிக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை.)

லாரி டிரைவருக்குச் சம்பளம் போதுமா என்று கேட்பவர்கள் முதலில் தொகையைத்தான் கேட்கிறார்கள். மாதம் இருபதாயிரம் வருமா, முப்பதாயிரம் வருமா என்று. என்னைக் கேட்டால் தொகையைவிட அது வரும் வழிதான் முக்கியம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து வண்டிகளை வைத்து அந்த வழியைக் கொஞ்சம் பார்க்கலாம். பாடி கட்டும் பட்டறைகளும் புக்கிங் ஆபீசுகளும் நிறைந்த வட்டாரம் அது. இங்கே பதிவான வண்டியை நாக்பூரிலும் பார்க்கலாம், குவாஹாத்தியிலும் பார்க்கலாம்.

சம்பளம் என்ற சொல்லே இல்லாத தொழில்

வெளிமாநிலங்களுக்கு ஓடும் லைன் வண்டி டிரைவரிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் நேரான பதில் வராது. அவருக்கு வருவது படி. அது பல தினுசாக வரும்.

முதலாவது பர்சன்டேஜ். லோடுக்குக் கிடைக்கும் வாடகையில் இத்தனை சதவீதம் டிரைவருக்கு. வாடகை கூடினால் இவருக்கும் கூடும், குறைந்தால் குறையும். கேட்க நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் வாடகையைப் பேசுவது முதலாளியும் புரோக்கரும். எந்த லோடு ஏற்றுவது, எந்த ஊருக்குப் போவது, ரிட்டர்ன் லோடுக்கு எத்தனை நாள் பார்ப்பது என்று முடிவு செய்வதும் அவர்களே. டிரைவர் வியாபாரத்தின் ரிஸ்க்கில் பங்காளி, முடிவில் பங்காளி இல்லை.

இரண்டாவது, கிலோமீட்டருக்கு இவ்வளவு அல்லது டிரிப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்வது. கன்டெய்னர், டேங்கர் வண்டிகளிலும், ஒரே ரூட்டில் ஓடும் வண்டிகளிலும் இது சகஜம்.

மூன்றாவதுதான் விவகாரமானது. டிரிப் கிளம்பும்போதே முதலாளி ஒரு மொத்தத் தொகையைக் கையில் கொடுத்துவிடுவார். டீசல், வழிச் செலவு, போலீசுக்கும் ஆர்.டி.ஓ. ஆட்களுக்கும் மாமூல், சாப்பாடு, பஞ்சர் எல்லாம் அதற்குள். போய்த் திரும்பியபின் மிஞ்சுவது டிரைவருடையது. இந்த ஏற்பாட்டில் டிரைவர் சாப்பிடாமல் விட்ட ஒரு வேளை அவருக்கு வருமானம். பாத்ரூம், பாதுகாப்பு உள்ள பார்க்கிங்கில் காசு கொடுத்து நிறுத்தாமல் ரோட்டோரம் படுத்தால் அதுவும் வருமானம். டோல்கேட்டைத் தவிர்க்க ஊருக்குள் சுற்றிப் போனாலும் அப்படித்தான்.

இவை எல்லாவற்றின் மேலும் மைலேஜ் கணக்கு உட்கார்ந்திருக்கிறது. இந்த வண்டி லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் தர வேண்டும் என்று முதலாளி ஒரு அளவு வைப்பார். அதற்கு மேல் மிச்சம் பிடித்தால் டிரைவருக்கு ஒரு பங்கு. குறைந்தால் படியில் பிடித்தம். எதிர்க்காற்று, மேடு, டிராஃபிக் ஜாம், கூடுதல் பாரம் எதுவும் கணக்கில் வராது. தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரல் விழுவது இதனால்தான்.

மாதச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிகளும் இல்லாமல் இல்லை. பெரிய ஃப்ளீட் வைத்திருப்பவர்கள், பார்சல் கம்பெனிகள் சிலர் ஒரு அடிப்படைச் சம்பளம் போட்டு, ஓடினால் அதற்கு மேல் படி தருகிறார்கள். அங்கேயும் பெரும்பாலும் படிதான் பெரியது. வீட்டில் உட்கார்ந்தால் அடிப்படைச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது.

முன்பு இந்தக் கணக்குகளுக்குள் கொஞ்சம் இடைவெளி இருந்தது. டோல், டீசல், செக்போஸ்ட் எல்லாம் டிரைவர் கைக்காசாகக் கொடுத்துவிட்டு வந்து எழுதுவதுதான். அங்கே இருநூறு, இங்கே முந்நூறு என்று நெளிவு சுளிவு இருக்கும். முதலாளிக்கும் தெரியும், கண்டுகொள்ள மாட்டார். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்து மாநில எல்லை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. டீசலுக்குக் கார்டு வந்தது, வண்டியில் ஜி.பி.எஸ். ஏறியது. டோல் பணம் இப்போது நேராக முதலாளியின் கணக்கிலிருந்து போகிறது. எந்த பெட்ரோல் பங்கில் எத்தனை லிட்டர் போட்டார், எங்கே எத்தனை நிமிடம் நின்றார் என்பதெல்லாம் போனில் தெரிகிறது. நெளிவு சுளிவு நின்றது சரி. அந்த ஓட்டைக்குள் ஒளிந்திருந்த வருமானத்துக்குப் பதிலாக யாரும் சம்பளத்தை ஏற்றவில்லை.

ஜவ்வரிசி ஏற்றிப் போய் வெங்காயத்தோடு வந்தால்

ஒரு டிரிப்பை எடுத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குப் போகும். விரத நாட்களில் அங்கே சாபுதானா இல்லாமல் நடக்காது. திரும்பும்போது நாசிக் பக்கத்து வெங்காயம். போக 1,250 கிலோமீட்டர், வர 1,250. கீழே உள்ள தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக நான் வைத்துக்கொண்டவை. உண்மை வாடகை வாரத்துக்கு வாரம் மாறும்.

பன்னிரண்டு சக்கர வண்டி. போக, வர இரண்டு வாடகையும் சேர்த்து 1,50,000 ரூபாய் என்று வைப்போம். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் ஏறத்தாழ 715 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 66,000 ரூபாய். டோல் 14,000. புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழிச் செலவு 10,000. டிரைவருக்குப் பத்து சதவீதம், 15,000. முதலாளி கையில் நிற்பது 45,000. அந்த நாற்பத்தைந்திலிருந்துதான் வண்டித் தவணை, டயர், இன்ஷூரன்ஸ், பர்மிட், எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எல்லாம்.

கிளீனர் இல்லை. கிளீனர் வைத்த காலம் மலையேறிக்கொண்டிருக்கிறது. தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, டயர் தட்டிப் பார்ப்பது, ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கிப் பார்ப்பது, ராத்திரி டீசல் திருடு போகாமல் அரைத் தூக்கத்தில் காவல் இருப்பது எல்லாம் ஒரே ஆள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் எட்டு நாளில் வீடு. சாப்பாடு, டீ, குளியலுக்கு நாளுக்கு 400 ரூபாய் போனால் கையில் 11,800 நிற்கும். ஒரு நாளைக்கு 1,475. மோசமில்லை என்று தோன்றும்.

நாசிக்கில் மண்டி விடுமுறை, மழை, ரிட்டர்ன் லோடு படியவில்லை என்று மூன்று நாள் கூடிவிட்டது என்று வைப்போம். வாடகை அதேதான், படியும் அதே 15,000-தான். சாப்பாட்டுச் செலவு மட்டும் பதினொரு நாளுக்கு. கையில் நிற்பது 10,600. ஒரு நாளைக்கு 960 சொச்சம்.

நாள் கணக்கை விட்டு மணிக் கணக்குக்கு வருவோம். ஓட்டுவது, ஏற்றுவது, இறக்குவது, வரிசையில் நிற்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் என்று வைத்தால் மணிக்கு 69 ரூபாய். இதோடும் முடியவில்லை. சட்டப்படி எட்டு மணி நேரத்துக்கு மேல் செய்யும் வேலைக்கு இரட்டைக் கூலி. அப்படிப் பார்த்தால் பதினான்கு மணி நேர வேலை இருபது மணி நேரக் கூலிக்குச் சமம். 960-ஐ இருபதால் வகுத்தால் அடிப்படை மணிக்கூலி 48 ரூபாய். எட்டு மணி நேர நாளுக்கு 384. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-க்குத் தமிழ்நாட்டுக் கூலி 336 ரூபாய். நாற்பது லட்ச ரூபாய் வண்டியையும், அதன் மேல் பத்து, இருபது லட்ச ரூபாய்ச் சரக்கையும் நம்பி ஒப்படைத்த ஆளுக்கும், வாய்க்கால் தூர்வாரும் ஆளுக்கும் கூலியில் இடைவெளி ஐம்பது ரூபாய்க்குள். இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நின்றிருந்தால் அதுவும் இருக்காது.

நின்ற நேரத்துக்கு விலை இல்லை என்பதுதான் இந்தத் தொழிலின் மையமான அநியாயம். ஃபேக்டரி கேட்டில் இரண்டு நாள் நிறுத்தி வைக்கிறார்கள். கோடவுனில் இடமில்லை என்கிறார்கள், லோடுமேன் இன்று வரவில்லை என்கிறார்கள், கேட்பாஸ் போடுகிறவர் சாப்பிடப் போய்விட்டார் என்கிறார்கள். கம்பெனிக்கு இது இலவசக் கோடவுன். தார்ப்பாய் போட்ட, சக்கரம் வைத்த, காவலுக்கு ஆள் வைத்த கோடவுன். காத்திருப்புக்கு ஹால்டிங் சார்ஜ் என்று ஒன்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கலாம். அதைக் கேட்டு வாங்கும் தெம்பு சின்ன லாரி ஓனருக்குக் கிடையாது. அடுத்த லோடு தரமாட்டான் என்ற பயம். வாங்கினாலும் அது டிரைவர் வரை இறங்கி வருவது அபூர்வம். நிறுத்தி வைக்கிறவனுக்குச் செலவே இல்லாதபோது அவன் ஏன் சீக்கிரம் இறக்கப் போகிறான்?

இழந்த நேரத்தை டிரைவர் எங்கே மீட்பார்? தூக்கத்தில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது

1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்துவிட்டது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூர வண்டி என்றால் நாளுக்குப் பத்து, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்றது. ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு. வாரம் ஒரு நாள் விடுப்பு. கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் டிரைவரின் வேலை நேரம் இந்தச் சட்டப்படிதான் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. படித்தால் மனதுக்கு இதமாக இருக்கும்.

1961 சட்டம் வேலை நேரத்தை வரையறுத்த இடம் சுவாரசியமானது. ஓடும் நேரம், அதைச் சார்ந்த சில்லறை வேலைகள், இவற்றோடு முனையங்களில் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாகச் சும்மா காத்திருக்கும் நேரத்தையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. பதினைந்து நிமிடம்! சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தது பஸ் ஸ்டாண்டு போலிருக்கிறது. சிமென்ட் ஆலை வாசலில் மூன்று நாள் நிற்கும் லாரி அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

அடுத்தது ஆள் எண்ணிக்கை. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனத்துக்குத்தான் 1961 சட்டம் பொருந்தியது. நம் ஊரில் பெரும்பாலான முதலாளிகள் ஒன்று, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள். ஐந்து வண்டி வைத்திருப்பவரிடமும் ஒன்று மனைவி பேரில், ஒன்று தம்பி பேரில், ஒன்று மச்சான் பேரில் இருக்கும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது 1961 சட்டம் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதில் மோட்டார் போக்குவரத்து நிறுவனம் என்று எண்ணப்படவே பத்துத் தொழிலாளர்கள் வேண்டும். ஐந்தே எட்டாத தொழிலில் வரம்பைப் பத்தாக்கியிருக்கிறார்கள். கூலித் தொகுப்பு மட்டும், ஆள் எண்ணிக்கை பார்க்காமல் எல்லோருக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது. அது நல்ல விஷயம். ஆனால் குறைந்தபட்சக் கூலி கொடுத்தாரா என்று சோதிக்க வேலை நேரப் பதிவு வேண்டும். ஒன்றிரண்டு வண்டி ஓனரிடம் டிரிப் ஷீட் இருக்கும், டைரியில் அட்வான்ஸ் கணக்கு இருக்கும், மணிக் கணக்கு இருக்காது.

பிடித்தங்களிலும் இதே கதைதான். சரக்கு குறைந்தாலோ நனைந்தாலோ அந்த ஷார்டேஜ் தொகை வாடகையிலிருந்து போகும், அங்கிருந்து டிரைவரின் படிக்கு இறங்கும். ஒப்படைத்த பொருளுக்கு நேர்ந்த சேதத்துக்குக் கூலியில் பிடிக்க வேண்டுமானால், தொழிலாளியின் அலட்சியம்தான் காரணம் என்று காட்ட வேண்டும், அவர் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1936-லேயே கூலி வழங்கல் சட்டம் சொல்லிவிட்டது. கணக்கு முடிக்கும் மேசையில் விசாரணை நடப்பதில்லை. டைரியில் ஒரு கோடு, அதற்கு நேராக ஒரு எண், அவ்வளவுதான்.

படி என்ற பெயரிலேயே பணம் வருவதன் விலை, டிரைவர் இறக்கும்போதோ ஊனமாகும்போதோதான் தெரியும். 2025 நவம்பரில் புதிய தொகுப்புகள் வரும் வரை இருந்த 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலையின்போது இறந்தவர் குடும்பத்துக்கு மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்கித் தர வேண்டியிருந்தது. நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. கணக்கில் எடுக்கும் மாதக் கூலிக்கு 2020 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு 15,000 ரூபாயாக இருந்தது. முழுக் கூலியும் ஏற்கப்பட்டால் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய். ஆனால் அதே சட்டம், பயணப் படியையும் வேலையின் தன்மையால் வரும் சிறப்புச் செலவுகளுக்காகத் தரும் பணத்தையும் கூலி என்ற வரையறையிலிருந்து நீக்கியது. இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைத்தான் பிடித்துக்கொள்வார்: இது கூலி இல்லை, படி. கூலி 8,000 மட்டுமே என்று முடிவானால் தொகை 7,36,680-ஆக இறங்கிவிடும். டிரைவர் படி கூலியில் சேருமா, சேராதா என்பது இழப்பீட்டு ஆணையரிடமிருந்து உயர் நீதிமன்றங்கள் வரை பல வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் வாதம். மாதம் முப்பதாயிரம் கொண்டுவந்த மனிதர், பேப்பரில் எட்டாயிரம் ரூபாய் மனிதராக முடிகிறார்.

சம்பளச் சீட்டு இல்லாததால் பேங்கில் வீட்டுக் கடன் இல்லை. இருபது பேருக்குக் குறைந்த இடத்தில் பி.எஃப். கட்டாயமில்லை. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்திருந்தால் பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம், விபத்து மரணம் என்று உதவித்தொகை உண்டு. பதிவையும் புதுப்பிப்பையும் மாதத்தில் இருபத்தைந்து நாள் வெளியூரில் இருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலாளியைத் திட்டிவிட்டால் முடிந்ததா?

இவ்வளவும் எழுதிவிட்டு முதலாளியை வில்லனாக்கினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். இந்த வட்டாரத்து முதலாளிகளில் எத்தனையோ பேர் நேற்றைய டிரைவர்கள். கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, சீட்டுப் போட்டு, மாமனார் வீட்டு நகையை அடகு வைத்து, இருவர் மூவராகக் கூட்டுச் சேர்ந்து ஒரு வண்டி எடுத்தவர்கள். டிரைவர்கள் இந்தக் கூலி முறையை இத்தனை காலம் பொறுத்துக்கொண்டதற்கும் அந்த ஏணிதான் காரணம் என்று நினைக்கிறேன். இன்றைக்குப் படி, நாளைக்குச் சொந்த வண்டி.

அந்த ஏணியின் படிகள் இப்போது எட்டாத உயரத்துக்குப் போய்விட்டன. மேலே சொன்ன சேலம்–நாசிக் கணக்கையே பாருங்கள். ஒரு டிரிப்புக்கு முதலாளிக்கு நிற்பது 45,000. முப்பத்தைந்து லட்சம் கடன் வாங்கிய வண்டிக்கு ஐந்து வருடத் தவணை, பத்து சதவீத வட்டியில், மாதம் 74,000-ஐத் தாண்டும். மாதம் இரண்டு டிரிப் என்றால் தவணை போக மிஞ்சுவது டயருக்கும் இன்ஷூரன்சுக்குமே காணாது. மூன்றாவது டிரிப்பில்தான் லாபம். மாதத்தில் மூன்று டிரிப் அடிக்க வேண்டுமென்றால் எட்டு நாளில் திரும்ப வேண்டும். எட்டு நாளில் திரும்ப வேண்டுமென்றால் ராத்திரி ஓட்ட வேண்டும். முதலாளி விரட்ட வேண்டியதே இல்லை, மூன்றாவது டிரிப்பின் பதினைந்தாயிரம் டிரைவரைத் தானே விரட்டும்.

வாடகையை நிர்ணயிப்பது சரக்குக்காரரான பெரிய கம்பெனி. அங்கிருந்து டிரான்ஸ்போர்ட் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே புரோக்கர், அதற்குக் கீழே லாரி ஓனர். ஒவ்வொரு கையும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டு அனுப்புகிறது. கடைசிக் கைக்கு வரும்போது பேசுவதற்கு மிச்சம் இருப்பது டிரைவர் படி ஒன்றுதான். டீசல் விலையைப் பேச முடியாது, டோலைப் பேச முடியாது, தவணையைப் பேச முடியாது.

லாரி வாடகைக்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் வைக்க மாநில அரசுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. பஸ் கட்டணத்துக்கு அதைப் பயன்படுத்துவதில் இருக்கும் சுறுசுறுப்பு சரக்கு வாடகையில் இல்லை. கூட்டமாக நின்று பேரம் பேசி வாடகையைக் காப்பாற்றிய இடங்கள் உண்டு. இமாச்சலப் பிரதேசத்தில் தார்லாகாட், பர்மானா சிமென்ட் ஆலைகளில் வாடகைத் தகராறு முற்றி, 2022 டிசம்பரில் கம்பெனியே ஆலைகளை மூடியது. 67 நாள் கழித்து, 2023 பிப்ரவரியில், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோகப் பல அச்சு லாரிகளுக்கு 9 ரூபாய் 30 காசு, ஒற்றை அச்சு லாரிகளுக்கு 10 ரூபாய் 30 காசு என்று முடிந்தது. கம்பெனி குறைக்கச் சொன்னது, சங்கங்கள் இழுத்துப் பிடித்தன. அந்த 9.30-க்குள் டிரைவருக்கு எத்தனை காசு என்பது அந்தப் பேச்சின் தலைப்பே அல்ல.

டிரைவர்கள் தாங்களாக ரோட்டுக்கு வந்த சமீபத்திய தருணம் 2024 ஜனவரி. விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் பத்து வருடம் வரை சிறை என்ற, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவை எதிர்த்து வட மாநிலங்களில் வண்டிகள் நின்றன, பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டியது. அரசு இறங்கி வந்தது. அந்த வருடம் ஜூலை 1 அன்று மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தபோது இந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. இரண்டு நாள் சக்கரம் நின்றால் நாடு திரும்பிப் பார்க்கும் என்று அன்று தெரிந்தது. கூலிக்காக அப்படி நிற்பது ஏன் கடினம்? எல்லோருக்கும் பொதுவான ஒரு சட்டப் பிரிவு அங்கே எதிரில் இருந்தது. கூலியிலோ ஒவ்வொரு டிரைவரும் எதிரில் பார்ப்பது அவரவர் முதலாளியை. பல நேரம் அவர் பக்கத்து ஊர்க்காரர், கொஞ்சம் உறவும்கூட.

வேறு வழி இருக்கிறதா

ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 எண் விதி இதை ஒரே வரியில் தொட்டிருக்கிறது. ஓடிய தூரம், கொண்டுசேர்த்த வேகம், ஏற்றிய சரக்கின் அளவு ஆகியவற்றோடு இணைத்து, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் வகையில், போனஸாகக்கூட டிரைவருக்குப் பணம் தரக் கூடாது. நம் ஊரில் படி என்பதன் முழு அர்த்தமும் இதுதான், அங்கே அது தடை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணிக்கு ஒருமுறை 45 நிமிட ஓய்வு. ஓட்டிய நேரத்தையும் ஓய்வையும் டேக்கோகிராஃப் கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். அங்கேயும் பாலும் தேனும் ஓடவில்லை. 2023-ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் அருகே ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் நாட்டு டிரைவர்கள் வாரக்கணக்கில் லாரிகளை நிறுத்திப் போராடியது, வராத கூலிக்காகத்தான்.

அமெரிக்கா இதில் நமக்குத்தான் நெருக்கம். அங்கும் நெடுந்தூர டிரைவருக்கு மைல் கணக்கில் கூலி. கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி தரும் 1938 சட்டத்திலிருந்து மாநிலம் தாண்டி ஓடும் லாரி டிரைவர்களை விலக்கி வைத்திருக்கிறார்கள். தென் கொரியா வேறு முனையிலிருந்து தொட்டது. 2020 முதல் 2022 வரை கன்டெய்னர், சிமென்ட் லாரிகளுக்கு மட்டும் பாதுகாப்பான வாடகை என்று ஒரு கீழ்வரம்பு வைத்து, அதற்குக் குறைத்துக் கொடுக்கும் சரக்குக்காரருக்கு அபராதம் போட்டார்கள். மூன்று வருட முடிவில் அதை நீட்டிக்கச் சொல்லி நடந்த வேலைநிறுத்தம் அந்நாட்டையே உலுக்கியது. அபராதம் சரக்குக்காரர் மீது விழுகிறது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது. பணம் இருக்கும் கை எதுவோ அதைப் பிடிக்கிறார்கள்.

இந்தியாவிலும் ஒரு முயற்சி நடந்தது. 2014-ல் குருகிராமில் தொடங்கிய ரிவிகோ என்ற கம்பெனி, அஞ்சல் ஓட்டம் மாதிரி நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை டிரைவரை மாற்றியது. வண்டி நிற்காமல் ஓடும், டிரைவர் எதிர்த் திசை வண்டியை எடுத்துக்கொண்டு அன்றே வீடு திரும்புவார். டிரைவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் வழி நெடுக மாற்று நிலையங்கள் வேண்டும், இரு திசையிலும் சரக்கு இருந்துகொண்டே இருக்க வேண்டும், செலவைத் தாங்கும் வாடகை வேண்டும். 2022-ல் அந்தக் கம்பெனியின் எக்ஸ்பிரஸ் வணிகம் மஹிந்திரா லாஜிஸ்டிக்ஸ் கைக்குப் போனது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லோடு தேடி நிற்கும் ஒற்றை லாரிக்காரருக்கு இந்த முறை எட்டாது.

எட்டக்கூடியவை சின்ன விஷயங்கள். வண்டி கேட்டுக்குள் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும் ஜி.பி.எஸ்.ஸில் ஏற்கனவே இருக்கிறது, சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான ஈ-வே பில்லில் சரக்கின் பயணமும் இருக்கிறது. குறிப்பிட்ட சில மணி நேரத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் சரக்குக்காரர் தர வேண்டியதையும், அதில் டிரைவரின் பங்கையும் கட்டாயமாக்க புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. டிரைவரைக் கண்காணிக்க வைத்த கருவி, டிரைவருக்காகவும் ஒருமுறை சாட்சி சொல்லட்டுமே. படியை வாங்கும்போதே பேங்க் கணக்கில் வாங்குவது இன்னொன்று. நாளைக்கு இழப்பீட்டு வழக்கில் மனைவி காட்ட ஒரு தாளாவது இருக்கும்.

இப்போது ஊரில் வேறு புலம்பல். டிரைவர் கிடைப்பதில்லை, வண்டி ஷெட்டில் நிற்கிறது என்று முதலாளிகள் சொல்கிறார்கள். 2019-ல் மத்திய அரசு எட்டாம் வகுப்புத் தகுதியை எடுத்துவிட்டுப் பார்த்தது, அப்படியும் தீரவில்லை. டிரைவர்களின் பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. திருப்பூரிலோ கோவையிலோ எட்டு மணி நேர வேலைக்குப் போய் ராத்திரி வீட்டில் படுத்துத் தூங்குகிறார்கள். தொழிலை ஈர்ப்பாக்க வேண்டும் என்று பேசி, மத்திய அரசு கடைசியில் கேபினுக்கு ஏ.சி.யைக் கட்டாயமாக்கியது. 2025-லிருந்து தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் அது உண்டு.

சித்திரை வெயிலில் நாக்பூர் தாண்டியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயமென்று. ஆனால் ஏ.சி. ஓடினால் டீசல் குடிக்கும். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று முதலாளி எழுதிவைத்த அளவு ஏ.சி.யைச் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்க்காமல் என்றால், குறையும் ஒவ்வொரு லிட்டரும் படியில்தான் பிடித்தமாகும். புது வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஏ.சி. பட்டனைத் தொடாமல் அவர் ஓட்டிக்கொண்டு போவார்.